சிப்பில் சிஆர்பி அளவைக் கூட்டினால் சிக்னல் இறங்குகிறது, சிப் பழுதா?

மின்மினி92:

வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஒரு புராஜெக்டில் சேர்ந்திருக்கிறேன். உயிரியல் பத்தாம் வகுப்போடு விட்டுப்போனது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது மாக்–ஸெண்டர் வகை அலைவழிக் குறுக்கீட்டுமானி. சிலிக்காவின் மேல் சிலிக்கான் நைட்ரைடு அலைவழி. ஒளி உள்ளே போய் இரண்டு கைகளாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேரும். ஒரு கையின் மேல் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு சிலிக்கா மூடியை எடுத்துவிட்டு ஜன்னல் போலத் திறந்து வைத்திருக்கிறார்கள், மற்றக் கை முழுக்க சிலிக்காவுக்கு அடியில் இருக்கிறது. 633 நானோமீட்டர் ஹீலியம்–நியான் லேசர், வெளியே ஒரு ஃபோட்டோடையோடு, அவ்வளவுதான் செட்டப்.

ஜன்னலில் சிஆர்பி புரதத்துக்கான (உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் கூடுவது) ஆன்டிபாடியை, அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, ஒட்டிவிட்டு, பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல்) சிஆர்பி கலந்து விட்டேன். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் விட்டபோது வெளிச்சம் நன்றாக ஏறியது, சந்தோஷப்பட்டேன். 5 விட்டால் ஏற வேண்டியது, தொடங்கிய இடத்தை விடக் கொஞ்சம் கீழே போய் நின்றது. 10 விட்டால் இன்னும் கீழே. அப்புறம் ஆரோக்கியமான ஒருவரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) பத்து மடங்கு நீர்த்து விட்டேன், அதில் சிஆர்பி மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் சிக்னல் கண்டபடி ஆடிவிட்டு எங்கேயோ போய் நின்றது. போதாததற்கு மதியம் ஏசி அணைந்தால் ஒன்றுமே விடாமல் தானாக நகர்கிறது.

சிப் பழுது, வேறு எடு என்கிறார்கள். மிச்சம் இருப்பது இரண்டே சிப். எடுக்கும் முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

பழைய_லேசர்:

சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறார் என்று மட்டும் நான் சொன்னால், அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா, எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்று உங்களால் சொல்ல முடியுமா? உங்கள் ஃபோட்டோடையோடு பார்ப்பது அந்த உயரத்தை மட்டும்தான். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ராட்டினம் எவ்வளவு சுற்றியது என்பதை, அதாவது இரண்டு கைகளுக்கும் இடையிலான கட்ட (ஃபேஸ்) வேறுபாட்டை. வெளிவரும் ஒளிச்செறிவு அந்தக் கட்டத்தின் கொசைன். 5 விட்டபோது கட்டம் குறையவில்லை, ஒரு சுற்று போய்விட்டு வந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

பள்ளியில் முழு அக எதிரொளிப்பு படித்திருப்போம், ஒளி முழுதாக உள்ளேயே திரும்பிவிடுகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் எல்லைக்கு வெளியேயும் அதன் புலம் கொஞ்சம் கசிந்து நிற்கிறது, வெளியே போகப் போக வேகமாகத் தேய்ந்து சுமார் நூறு நானோமீட்டரில் பெரும்பாலும் மங்கிவிடும். உங்கள் ஜன்னலில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த வால்தான். அங்கே தண்ணீர் (ஒளிவிலகல் எண் 1.33) இருந்த இடத்தில் புரதம் (சுமார் 1.45) வந்து உட்கார்ந்தால் அந்தக் கையில் ஒளி கொஞ்சம் பிந்துகிறது. 10 மில்லிமீட்டர் என்பது 633 நானோமீட்டரில் கிட்டத்தட்ட 15,800 அலைநீளம். அத்தனை அலையிலும் ஒவ்வொரு துளி பிந்தினால் கடைசியில் சேரும்போது அது பெரிய தொகை. இந்தக் கருவியின் பலம் முழுக்க அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். உங்கள் அலைவழியின் தடிமன் எனக்குத் தெரியாது, தண்ணீரின் ஒளிவிலகல் எண் மாறினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அலைவழிக்குள் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் 0.0001 மாற்றம் வந்தால் உள்ளே 0.00002, அதை 15,800-ஆல் பெருக்கினால் 0.32 சுற்று. இப்போது ஏசி விஷயம்: அறை வெப்பநிலையில் தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ அதே 0.0001 இறங்கும். ஒரு டிகிரிக்கு மூன்றில் ஒரு சுற்று! ஏசி அணைந்தால் நகராமல் என்ன செய்யும்?

ஒப்பீட்டுக் கை இருக்கிறதே, வெப்பநிலை கழிந்துபோகாதா என்று கேட்பீர்கள். கழியாது. உங்கள் ஒப்பீட்டுக் கை தண்ணீரையே தொடவில்லை, சிலிக்காவுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்குகிறது. சிலிக்கா வெப்பத்துக்கு மாறுவது தண்ணீரோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு, அதுவும் எதிர்த் திசையில். ஒப்பீடு என்றால் அந்தக் கைக்கும் அதே அளவு ஜன்னல், அதே திரவம் இருக்க வேண்டும், ஆன்டிபாடி மட்டும் இருக்கக் கூடாது.

முதல் வேலையாக, கடைசி மதிப்பை மட்டும் குறித்துக்கொள்வதை நிறுத்துங்கள். நொடிக்குப் பத்து முறையாவது தொடர்ந்து பதிவு செய்து, மாதிரி உள்ளே நுழைந்த நொடியிலிருந்து எத்தனை ஏற்ற இறக்கம் என்று எண்ணுங்கள். இன்னொன்று, கொசைனின் உச்சியிலோ அடியிலோ நின்றுகொண்டு அளவைத் தொடங்கினால் சின்ன மாற்றம் தெரியவே தெரியாது. சரிவின் நடுவில் தொடங்க வேண்டும்.

குமிழி_எதிரி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அண்ணன் ஒளியிலேயே நின்றுவிட்டார், நான் குழாய் ஆள், எனக்கு வேறு சந்தேகம்.

மின்மினி, அந்த சிஆர்பி குப்பியின் லேபிளை எடுத்துப் படியுங்கள். புரதம் என்ன திரவத்தில் கரைந்து வந்திருக்கிறது? பல புரதக் குப்பிகளில் உறையாமல் இருக்க கிளிசரால் கலந்திருப்பார்கள், பாதிக்குப் பாதி கூட இருக்கும். ஒரு சதவீதம் கிளிசரால் இருந்தாலே தண்ணீரின் ஒளிவிலகல் எண் 0.001-க்குக் கொஞ்சம் மேலே ஏறிவிடும். அண்ணன் கணக்கில் அது மூன்று நான்கு சுற்று. உங்கள் சிப்புக்கு ஆன்டிபாடி தெரியாது, சிஆர்பி தெரியாது, ஒளிவிலகல் எண் ஒன்றுதான் தெரியும். புரதம் ஒட்டியதா, பஃபர் மாறியதா, உப்பு கூடியதா, எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

சீரத்தில் அப்படி ஆடியதற்கும் இதேதான். சீரத்தில் லிட்டருக்கு 70 கிராம் வாக்கில் புரதம் இருக்கும், ஆரோக்கியமானவரின் சிஆர்பி லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்தால் எழுபதாயிரத்தில் ஒரு பங்கு. பத்து மடங்கு நீர்த்த சீரம் ஒளிவிலகல் எண்ணை 0.0013 ஏற்றும், அதாவது நாலு சுற்று. யாரும் எங்கும் ஒட்டாமலேயே நாலு சுற்று.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மாதிரி போன பிறகு அதே பழைய பஃபரை மறுபடி விடுங்கள். திரவத்தின் ஒளிவிலகலால் வந்தது சில நொடிகளில் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்துவிடும், ஒட்டியது அப்படியே நிற்கும். எத்தனை சுற்று போனது, எத்தனை சுற்று திரும்பியது, இரண்டையும் கழியுங்கள். மாதிரியை எந்த பஃபரில் நீர்த்தீர்களோ, அதே பாட்டிலிலிருந்துதான் ஓடும் பஃபரும் இருக்க வேண்டும். நேற்றுக் கலக்கியது ஒன்று இன்று கலக்கியது ஒன்று என்றால் உப்பின் வித்தியாசமே உங்கள் அளவை விழுங்கிவிடும். குப்பியில் கிளிசரால் இருந்தால் டயாலிசிஸ் செய்து, அதாவது புரதத்தை நிறுத்திச் சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் ஊறவைத்து, எடுத்துவிடுங்கள்.

அண்ணன் சொன்ன இரண்டாவது ஜன்னலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதற்குப் புது மாஸ்க், புது சிப், ஆறு மாதம் போய்விடும். சிப்புக்கு அடியில் ஒரு பெல்டியர் (மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் தகடு) வைத்து வெப்பநிலையை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்குள் கட்டிப்போடுங்கள், இப்போதைக்குப் போதும். பஃபரை வாக்குவத்தில் வைத்துக் கரைந்த காற்றை எடுங்கள். ஒரே ஒரு குமிழி ஜன்னலில் உட்கார்ந்தால் அன்றைய நாள் முடிந்தது, என் பெயருக்குக் காரணம் புரிந்திருக்கும்.

ரத்தப்பரிசோதனை_அக்கா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இருபது வருடமாக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். சிஆர்பி எங்களுக்குத் தினப்படி வேலை, ஆன்டிபாடி கலந்தால் கலங்கும், கலங்கலை மெஷின் அளக்கும், சில நிமிடத்தில் எண் வந்துவிடும். லேசர் வேண்டாம், பெல்டியர் வேண்டாம். குமிழிக்குப் பயந்து கும்பிட்டுக்கொண்டு நிற்கவும் வேண்டாம். கர்ப்பப் பரிசோதனைக்குப் பட்டையே மருந்துக்கடையில் கிடைக்கிறது. தம்பி தங்கைகள் கஷ்டப்படுவதைக் குறை சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், இந்த மாதிரி ஒளிச் சிப் வருகிறது வருகிறது என்று ரொம்ப நாளாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் மேசைக்கு ஒன்றும் வந்தபாடில்லையே?

பழைய_லேசர்:

அக்கா, நியாயமான குத்து, வாங்கிக்கொள்கிறேன்.

ரொம்ப நாள்தான். இந்தக் குறுக்கீட்டுமானி வடிவமே ஸெண்டர் 1891-லும் மாக் 1892-லும் தனித்தனியே சொன்னது (இந்த மாக் ஒலிவேகத்தோடு பெயர் ஒட்டிய எர்ன்ஸ்ட் மாக் அல்ல, அவர் மகன் லுட்விக்). அதை அலைவழிச் சிப்பில் இறக்கி ஆன்டிபாடி ஒட்டி அளந்த ஆய்வு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்திலிருந்து 1993-லேயே வந்துவிட்டது. ஹைடமன், கோய்மன், கிரேவ் மூவரும் செய்தது. அதில் அவர்கள் பிடித்துக் காட்டியது எது தெரியுமா, உங்கள் பட்டை பிடிக்கிற அதே கர்ப்ப ஹார்மோன். ஆக முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பட்டைதான் ஜெயித்திருக்கிறது.

சிஆர்பிக்கு இது தேவையில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். புதுச் சிப்பைப் பழக்குவதற்கு அது வசதியான புரதம், அவ்வளவுதான். இதன் மதிப்பு வேறு இடத்தில். உங்கள் பட்டையில் தங்கத் துகள் நிறம் காட்டுகிறது, எலைசா என்ற ஆன்டிபாடிப் பரிசோதனையில் நொதி நிறம் காட்டுகிறது, எதற்கும் ஒரு அடையாளத்தைக் கட்டி அனுப்ப வேண்டும். இதில் ஒன்றையும் கட்ட வேண்டாம், மூலக்கூறு வந்து ஒட்டுவதையும் பிரிந்து போவதையும் நடக்கும்போதே பார்க்கலாம். மருந்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். 1990-ல் வந்த பியாகோர் கருவி அதைத்தான் விற்றது, ஆனால் அது தங்கப் படலத்து பிளாஸ்மான் வகை, ஒளி உலோகப் பரப்பின் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அலையாக ஓடுவது. தங்கத்தில் ஒளி சில பத்து மைக்ரோமீட்டருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும், நைட்ரைடில் சென்டிமீட்டர் கணக்கில் ஓடும்.

இன்னொரு இடம் வைரஸ். அதே ட்வென்டேயில் யமெட்டியும் கூட்டாளிகளும் 2007-ல் நான்கு வாய்க்கால் வைத்த யங் வகைக் குறுக்கீட்டுமானியில் ஹெர்பிஸ் வைரஸைப் பிடித்தார்கள், மில்லிலிட்டருக்கு 850 துகள் அளவில், சில நிமிடத்தில். யங் வகையில் கைகள் சிப்புக்குள் சேராது. வெளியே விரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும் வரிகளை கேமரா பிடிக்கும், வரிகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்தால் கட்டம் நேரே கிடைத்துவிடும். மின்மினியின் ராட்டினத் தொல்லையில் ஏற்றமா இறக்கமா என்ற பாதி அதில் கிடையாது, முழுச் சுற்றுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வர வேண்டும். பார்சிலோனாவில் லவுரா லெச்சுகாவின் குழு இன்னும் கெட்டிக்காரத்தனமாக இரண்டு கைகளையே ஒழித்துவிட்டது. ஒரே அலைவழியில் இரண்டு மோடு (ஒளி பரவும் வடிவம்) ஓட்டுகிறார்கள், ஒன்று உள்ளே அடக்கமாகப் போகும், மற்றது ஓரத்தை உரசிக்கொண்டு போகும், இரண்டுக்கும் நடுவில்தான் குறுக்கீடு. 2020-ல் கொரோனாவுக்காக ஐரோப்பிய நிதியில் அவர்கள் தலைமையில் தொடங்கிய கான்வாட் திட்டம் அந்தச் சிப்பை நம்பித்தான்.

உங்கள் மேசைக்கு ஏன் வரவில்லை? ஒளி போதாமல் இல்லை, ஒளி தேவைக்கு மேல் இருக்கிறது. 70 கிராமுக்கு நடுவில் ஒரு மில்லிகிராமை மட்டும் பிடித்து நிறுத்த அந்த மேற்பரப்பால் முடியவில்லை. அதை சிலேன்_சித்தர் சொன்னால்தான் சரியாக இருக்கும், கூப்பிட்டிருக்கிறேன்.

சிலேன்_சித்தர்:

வந்தேன். ஒரே கேள்வி: ஆன்டிபாடி ஒட்டும்போது சிக்னலைப் பார்த்தீர்களா, இல்லை பீக்கரில் ஊறப்போட்டு எடுத்தீர்களா?

மின்மினி92:

பீக்கரில்தான் சார். ஆப்டெஸ் சிலேன் (பரப்பில் ஒட்டும் அடிப்பூச்சு), அப்புறம் குளூட்டரால்டிஹைடு (அதோடு ஆன்டிபாடியைப் பிணைப்பது), அப்புறம் ஆன்டிபாடி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில்.

சிலேன்_சித்தர்:

அதுதானே பார்த்தேன். ஆயிரக்கணக்கில் செலவழித்து உலகத்திலேயே நுணுக்கமான தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, முக்கியமான பொருளை ஏற்றும்போது மட்டும் தராசை அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆன்டிபாடியை ஓட்டத்திலேயே விட்டுப் பாருங்கள். ஒரு முழுப் படலம் புரதம் உட்கார்ந்தால் உங்கள் 10 மில்லிமீட்டர் ஜன்னலில், பஃபரால் கழுவிய பிறகும், பல சுற்று நிலைத்து நிற்க வேண்டும். கால் சுற்றுதான் நிற்கிறது என்றால் பரப்பில் பெரும்பகுதி மொட்டை, அந்த மொட்டையில்தான் சீரத்தில் அதிகம் இருக்கும் ஆல்புமின் புரதம் வந்து குடியேறும். குமிழி_எதிரி சொன்ன கழுவல் சோதனையில் அதுவும் போகாமல் நிற்கும், நீங்கள் அதை சிஆர்பி என்று எண்ணிக்கொள்வீர்கள்.

ஆப்டெஸ் எங்கே செய்தீர்கள், தண்ணீரிலா, டொலுயீனிலா? மழைக்கால ஈரத்தில் திறந்த பாட்டிலில் செய்தால் ஒற்றைப் படலம் வராது, தடித்துத் திரண்டு அடுக்கடுக்காக உட்காரும், அப்புறம் பஃபர் ஓட ஓட மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். அதுவும் சிக்னல் தானாக நகர்வதாகத்தான் தெரியும், எல்லாப் பழியையும் ஏசி மேல் போடாதீர்கள். முதலில் பரப்பை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சுத்தம் செய்து, ஈரமில்லாத டொலுயீனில் சிலேன் போட்டு, நன்றாகக் கழுவி, 110 டிகிரியில் சுட்டு எடுங்கள். ஆன்டிபாடிக்குப் பிறகு மிச்ச இடத்தை பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) கொண்டு அடையுங்கள், அதையும் சிக்னலில் பார்த்துக்கொண்டே.

கடைசியாக, ஆன்டிபாடியே இல்லாமல் பிஎஸ்ஏ மட்டும் போட்ட சிப்பில் அதே சீரத்தை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண் இல்லாமல் மற்ற எந்த எண்ணையும் யாரிடமும் காட்டாதீர்கள். இந்த இடத்தில் நான் பழைய_லேசர் பக்கம், ஆறு மாதம் ஆனாலும் இரண்டாவது ஜன்னல் வேண்டும். பெல்டியர் வெப்பத்தைத்தான் பிடிக்கும், ஆல்புமினைப் பிடிக்காது.

குமிழி_எதிரி:

அந்த ஆல்புமின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, ஜன்னல் வேண்டும்.

மின்மினி92:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி.

குப்பியின் லேபிளில் எறும்பு அளவு எழுத்தில் 50 சதவீதம் கிளிசரால் என்று போட்டிருந்தது. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்த குப்பி, அதை நூறு மடங்கு நீர்த்தால்தான் 10 மைக்ரோகிராம், அப்போது கிளிசரால் அரை சதவீதம். தொடர்ந்து பதிவு செய்து பழைய அளவையே திரும்ப எடுத்தேன். 1 விட்டபோது 0.2 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, 5-க்கு ஒரு சுற்று வர ஒரு துளி பாக்கி, 10-க்கு இரண்டு வர ஒரு துளி பாக்கி. பஃபர் விட்டதும் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பிவிட்டது. அதாவது நான் இரண்டு மாதமாக அளந்துகொண்டிருந்தது கிளிசராலை.

ஆன்டிபாடியை ஓட்டத்தில் விட்டுப் பார்த்தேன். பழைய முறைப்படி சிலேன் போட்ட சிப்பில் நின்றது 0.2 சுற்று. சித்தர் சார் சொன்னபடி டொலுயீனில் போட்டதில் பல சுற்று. டயாலிசிஸ் செய்த சிஆர்பி 10 மைக்ரோகிராம் விட்டதும் சட்டென்று தாவாமல், வளைந்து மெதுவாக ஏறியது, கழுவிய பிறகும் நின்றது. அந்த வளைவைப் பார்த்ததும் ஃபோன் எடுத்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஆன்டிபாடி போட்ட சிப்பில் சீரத்தை இன்னும் விடவில்லை. பிஎஸ்ஏ மட்டும் போட்ட சிப்பில் அதே பத்து மடங்கு நீர்த்த சீரம் விட்டுக் கழுவினால் 0.3 சுற்று நிற்கிறது. அதைக் குறைக்க என்ன செய்யலாம், சித்தர் சார்? ரத்தப்பரிசோதனை அக்கா, சிஆர்பி அதிகமுள்ள சீரம் எதில் உறைய வைத்து எடுத்து வர வேண்டும் என்று உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ரத்தப்பரிசோதனை_அக்கா:

கேளுங்க தங்கை. முதலில் சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து உறைய வையுங்கள், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்காதீர்கள். உங்கள் எத்திக்ஸ் அனுமதிக் கடிதமும் வேண்டும், அது இல்லாமல் ஒரு சொட்டு கூட யாரும் தரமாட்டார்கள்.